கல்யாண வேட்டியை நெய்தது யார்?

இன்னைக்கு நாம பேசப்போறது வேட்டியைப் பத்தி. தினமும் கட்டுற வேட்டியை விட்டுடுவோம். கல்யாணம், கோயில், கருமாதின்னு மூணு இடத்துக்காக எடுக்கிற, கையால் நெய்த பருத்தி வேட்டிதான் இன்னைக்கு விஷயம்.

ஒரு வேட்டிக்கு முழு எபிசோடா என்று கேட்கலாம். காரணம் இருக்கு. ஒரு காஞ்சிபுரம் சேலையைக் கையில் எடுத்தால் அதில் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். கோபுரக் கரை, மயில், முந்தி, ஜரிகை எல்லாம் இருக்கும். "இதை ஒருத்தர் உட்கார்ந்து நெய்திருக்கார்" என்று சொல்லாமலே புரியும். வேட்டியை எடுத்தால்? வெள்ளைத் துணி, ஓரத்தில் ஒரு கரை. அவ்வளவுதான். கைத்தறியா விசைத்தறியா என்று கடையில் விற்கிறவரே சில சமயம் லேபிளைப் பார்த்துத்தான் சொல்வார். உழைப்பு கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளுக்கு யார் கூடுதல் காசு கொடுப்பாங்க? இந்த எபிசோடின் கேள்வி அதுதான்.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததுக்குக் காரணம் எங்க ஊர். நான் வேலை பார்ப்பது சென்னையில். சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். மேகமலைக்கு ஏறுகிற ரோடு அங்கிருந்துதான் பிரியும். கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த யாருக்கும் வேட்டி ஒரு ஃபேஷன் கிடையாது. அது ஒரு மரியாதைக் கணக்கு. யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தோம், யாரை விட்டோம் என்பதை வைத்துப் பத்து வருஷம் பேசாமல் இருந்த சொந்தக்காரங்க எல்லா வீட்டிலும் உண்டு.

முழம், கரை, கோடி

முதலில் அடிப்படை. வேட்டியை இன்னமும் முழத்தில்தான் சொல்கிறோம். ஒரு முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சுமாராக 18 அங்குலம். நாலு முழ வேட்டி ஒற்றைச் சுற்று. எட்டு முழம் என்றால் அதை இரண்டாக மடித்துக் கட்டுகிற இரட்டை வேட்டி. பஞ்சகச்சத்துக்கு ஒன்பது முழமோ பத்து முழமோ வேண்டும். கடையில் "ஒன்பது ஐந்து", "பத்தாறு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அதில் முதல் எண் வேட்டியின் முழம், இரண்டாவது எண் கூட வருகிற அங்கவஸ்திரத்தின் முழம்.

கரைக்கும் பெயர்கள் இருக்கு. மாப்பிள்ளைக்கு எடுக்கும் மயில்கண் கரை, அகலமான ஜரிகைக் கரை, கட்சிக்காரங்க கட்டுகிற கலர் கரை. கரையைப் பார்த்தே ஆள் யார் என்று சொல்லிவிடுகிற ஊர் நம்முடையது.

எங்க பக்கத்தில் கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பது ஒரு தனி நாள் வேலை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவர் புது வேட்டியில்தான் நிற்பார். சாவு வீட்டுக்கும் வேட்டிதான். இறந்தவர் மேல் போடுகிற புதுத்துணிக்குப் பெயர் "கோடி". கருமாதி அன்றைக்கு மாமன் முறை உள்ளவங்க புது வேட்டி, துண்டு வைத்து மகனுக்கு உருமா கட்டுவாங்க. அப்பா இடத்தில் இனி நீதான் என்று ஊர் சொல்வது அந்தத் துணி வழியாகத்தான்.

இதில் எல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறதைக் கவனிங்க. புதுசாக இருக்க வேண்டும், தைக்காததாக இருக்க வேண்டும், வெட்டி ஒட்டாததாக இருக்க வேண்டும். முனையில் கொஞ்சம் மஞ்சள் தடவினால் போதும், அது சடங்குத் துணி. அதாவது, தறியிலிருந்து எப்படி இறங்கியதோ அப்படியே உடம்பில் ஏறுகிற துணி. சட்டைக்கு நெசவாளிக்குப் பிறகு ஒரு தையல்காரர் தேவை. வேட்டிக்கு நெசவாளி மட்டும் போதும். துணியை முடிப்பவரும் அவரேதான்.

மேகமலைப் பஞ்சு வேட்டிக்கு ஆகுமா?

ஊர்ப் பக்கம் போனவங்க கேட்பாங்க: "உங்க ஊர்ல மரம் மரமாப் பஞ்சு காய்க்குதே, அதுலதான் வேட்டி நெய்றாங்களா?" மேகமலை அடிவாரம், வருசநாடு, கடமலைக்குண்டு பக்கம் போனால் இலவ மரங்கள் நிறைய இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் காய் வெடித்து வெள்ளை வெளேர் என்று பஞ்சு தெரியும். பார்க்க அழகு. ஆனால் அதை நூலாக்கிக் கட்ட முடியாது. இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது. முறுக்கினால் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளாது. அதனால்தான் அது தலையணைக்கும் மெத்தைக்கும் போகிறது.

வேட்டிக்கு வேண்டியது பருத்திச் செடியின் பஞ்சு. அதன் இழை காயும்போது தானாகவே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கால்தான் ஓர் இழை இன்னோர் இழையைப் பிடிக்கிறது, நூல் உருவாகிறது. அந்த நூலை நூற்பது இன்றைக்கு மில்தான். தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்திலேயே நூற்பாலைகள் வரிசையாக இருக்கின்றன.

நூல் எவ்வளவு மெல்லியது என்பதை "கவுண்ட்" என்று சொல்வாங்க. 40, 60, 80, 100 என்று போகும். எண் கூடக் கூட நூல் மெலியும். கணக்கு இதுதான்: 840 கெஜம் நீளமுள்ள நூலை ஒரு சிட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருதோ அதுதான் கவுண்ட். ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். 80 கவுண்ட் நூல் ஒரு பவுண்டு எடுத்தால் நீளம் 67,200 கெஜம், அதாவது 61 கிலோமீட்டருக்கு மேல். அரைக் கிலோகூட இல்லாத நூல், தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் போய் அதுக்கு மேலேயும் நீளும்.

ஒரு வேட்டிக்குள் எத்தனை கிலோமீட்டர்?

சரி, இப்போ தறிக்கு வருவோம். நீளவாக்கில் ஓடுகிற நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூலைச் சாயம் அல்லது வெளுப்பு முடிந்ததும் வரிசையாக நீட்டி, கஞ்சி போட்டு, காயவைத்துத் தறியில் ஏற்றணும். நெசவு ஊர்களில் விடியற்காலையில் தெருவை அடைத்து நீளமாக நூல் கட்டியிருப்பதைப் பார்த்திருந்தால், அது பாவுதான். கஞ்சி சரியாக ஏறாவிட்டால் நெய்யும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கும். குறுக்கு நூலைச் சின்னக் கட்டையில் சுற்றுவது தார் சுற்றுதல். வீட்டில் இருக்கிற பெண்களும் வயசானவர்களும் ராட்டையில் சுற்றுவார்கள். அந்த வேலைக்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது. நெசவுக் கூலிக்குள் அது கரைந்துவிடும்.

அப்புறம் குழித்தறி. நெசவாளி தரையோடு உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். பாவு இரண்டாகப் பிரியும். கயிற்றை இழுத்தால் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பறக்கும். பிறகு பலகையை இழுத்து ஓர் அடி. ஒரு ஊடை இழை முடிந்தது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். எட்டு முழ வேட்டி, நீளம் 144 அங்குலம், அகலம் 50 அங்குலம். அங்குலத்துக்குப் பாவில் 70 இழை, ஊடையில் 60 இழை என்று வைத்துக்கொள்வோம். பாவில் மொத்தம் 3,500 இழைகள். ஊடைக்கு 144-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,640. நாடா 8,640 தடவை குறுக்கே போகணும். இரண்டையும் சேர்த்தால் ஒரே வேட்டிக்குள் கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர் நூல் இருக்கு.

நெசவாளி நிமிடத்துக்கு 40 தடவை நாடா தட்டுகிறார், ஒரு நூல்கூட அறவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வைத்தாலும் 216 நிமிடம், மூன்றரை மணி நேரத்துக்கு மேல். இது நெசவு மட்டும். பாவு, கஞ்சி, தார் எல்லாம் தனி.

இதே துணியை நிமிடத்துக்கு 120 தடவை ஓடுகிற விசைத்தறியில் போட்டால் 72 நிமிடம். அங்கே ஓர் ஆள் நாலு தறியைப் பார்த்துக்கொண்டால், ஒரு வேட்டிக்கு மனித நேரம் 18 நிமிடம். 216 எங்கே, 18 எங்கே? பன்னிரண்டு மடங்கு. கடையில் கைத்தறி வேட்டி பன்னிரண்டு மடங்கு விலைக்கா விற்குது? விற்காது, யாரும் வாங்க மாட்டோம். அப்போ அந்த இடைவெளியை யார் தாங்குறாங்க? பெரும்பகுதி நெசவாளியின் கூலியில்தான் விழுகிறது.

கதர் வேறு, கைத்தறி வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வேட்டி வாங்கும்போது மூன்று கேள்விகள் இருக்கு. பஞ்சா, பாலியஸ்டரா? நூலை நூற்றது யார்? துணியை நெய்தது யார்? கையால் நூற்று, கையால் நெய்தால் கதர். மில் நூலை எடுத்துக் கையால் நெய்தால் கைத்தறி. மில் நூல், மின்சாரத் தறி என்றால் விசைத்தறி. மூன்றுமே நூறு சதவீதப் பருத்தியாக இருக்கலாம். "சார், பியூர் காட்டன்" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பதில் சொன்னது முதல் கேள்விக்கு மட்டும்.

இந்த விலைப் பிரச்சினை புதுசும் கிடையாது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில்தான் காந்தி மேலாடையை விட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அப்போது எங்க தேனிப் பக்கமெல்லாம் மதுரை ஜில்லாதான். கதர் கட்டச் சொன்னால் ஏழைகளுக்கு அதை வாங்க வசதியில்லை என்பது அன்றைக்கு அவர் முன்னால் இருந்த பிரச்சினை. துணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார், முதலில் தானே குறைத்துக்கொண்டார். கையால் செய்த துணி, அதை உடுத்த வேண்டியவர்களுக்கே எட்டாத விலையில் இருக்கிறது என்ற சிக்கல் நூறு வருஷமாக நம்மோடு இருக்கு.

வேட்டிக்காக ஒரு சட்டம்

வேட்டிக்காக நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டிருக்காங்க என்று சொன்னால் நம்புவீங்களா? போட்டிருக்காங்க.

1950-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நெசவாளர்கள் பட்டினியில் இருந்தார்கள். நெய்த துணி விற்கவில்லை. அப்போது சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்தினார். அரசியலில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்ற தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். திருச்சியில் அண்ணாவே விற்றார். எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் ஒரே துணிக்காக இறங்கிய நேரம் அது.

மத்திய அரசு முழு ஒதுக்கீட்டுக்குச் சம்மதிக்கவில்லை. 1952 இறுதியில் மில்களின் வேட்டி உற்பத்தியை முன்பிருந்ததில் 60 சதவீதத்துக்குக் குறைத்தது. அதுக்கு மேல் நெய்தால் கூடுதல் வரி என்று 1953-இல் வேட்டிக்கென்றே ஒரு கூடுதல் உற்பத்தி வரிச் சட்டம் வந்தது.

அடுத்த பெரிய சட்டம் 1985-இல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும். முதலில் 22 ரகங்கள். விசைத்தறிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் 1996-இல் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. அந்த 11-இல் சேலை, துண்டு, லுங்கி, ஜமக்காளத்தோடு வேட்டியும் இருக்கு. எல்லா வேட்டியும் கிடையாது. எந்த நூல், எந்த மாதிரிக் கரை என்று விவரம் சொல்லி ஒதுக்கியிருக்காங்க. மீறி விசைத்தறியில் நெய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1985-இல் போட்ட சட்டத்தில் எழுதியிருந்தாங்க.

சட்டம் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுக்குக் காரணம் இருக்கு. வேட்டியின் உடம்பு வெறும் வெள்ளை. அங்கே கைத்தறியையும் விசைத்தறியையும் பிரித்துக் காட்ட ஒன்றுமில்லை. வேட்டிக்கு அடையாளம் என்று சொல்ல இருப்பது ஓரத்தில் இருக்கிற அந்தக் கரை மட்டும்தான்.

நூலுக்கும் ஒரு விதி இருக்கு. விசைத்தறிக்கு நூல் கோன் வடிவில் போகும். கைத்தறிக்குச் சிட்டா நூல், அதாவது கட்டாகச் சுற்றிய நூல் வேண்டும். அது கிடைக்கணும் என்பதற்காக நூற்பாலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டாவாகப் போட வேண்டும். அந்தப் பங்கு 40 சதவீதமாக இருந்தது. 2019-இல் 30 ஆகக் குறைந்தது.

ஆண்டிபட்டியும் இரண்டு முதலமைச்சர்களும்

எங்க மாவட்டத்தின் நெசவு ஊர்கள் தேனியிலிருந்து மதுரை போகும் ரோட்டில், ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கு. சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம். அங்கே போனால் தெருவில் நடக்கும்போதே தறிச் சத்தம் கேட்கும். ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் அதில் பெரும்பங்கு விசைத்தறிச் சத்தம். தறியில் இருப்பது பெரும்பாலும் சேலை.

ஏன் சேலை என்பது நெசவாளிக்குத் தெளிவான கணக்கு. கூலி நேரத்துக்குக் கிடையாது, உருப்படிக்குத்தான். சேலையில் ஒரு புதுக் கலர், ஒரு புதுக் கரை, ஒரு கட்டம் போட்டால் விலை கேட்கலாம். வாங்குகிற பெண்களும் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வாங்க. வேட்டியில் எதைப் புதுசாகப் போடுவது? வெள்ளையை இன்னும் வெள்ளையாக நெய்ய முடியாது.

இந்த ஆண்டிபட்டித் தொகுதிக்கு ஒரு பெருமை உண்டு. 1984-இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி இது. 2002-லும் 2006-லும் ஜெயலலிதா ஜெயித்ததும் இங்கேதான். வேட்டியின் சமீப வரலாற்றில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கு.

1983-இல் பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது எம்.ஜி.ஆர். அரசு. ஏழைகளுக்குத் துணி, நெசவாளர்களுக்கு வேலை என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இன்றைக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வேட்டிகள் தேவைப்படுகின்றன. அவ்வளவையும் கைத்தறியில் நெய்ய முடியாது; பெரும்பகுதி விசைத்தறியில்தான் வருகிறது. விசைத்தறிக்காரரும் தொழிலாளிதான், அவருக்கும் குடும்பம் இருக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வேட்டி என்றால் இலவசமாகவோ மலிவாகவோ கிடைப்பது என்று மனசில் பதிந்ததில் இதுக்கும் பங்கு உண்டு.

2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அது பெரிய பிரச்சினையாகி, ஜெயலலிதா அரசு அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் போகலாம். ஆக, வேட்டி கட்டியவருக்கு மரியாதை சட்டப்படி கிடைச்சாச்சு. நெய்தவருக்கு?

மலைக்கு அந்தப் பக்கம்

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கிடைக்குது. கம்பத்திலிருந்து மெட்டு ஏறி இறங்கினால் கேரளா. அங்கே முண்டு என்பதும் இதே வெள்ளைத் துணிதான், ஓரத்தில் கசவு. ஆனால் பலராமபுரம், சேந்தமங்கலம், குத்தாம்புள்ளி என்று நெசவு ஊர்களின் பெயரையே அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடாகப் பதிவு செய்திருக்காங்க. ஒரு மலையாளி ஓணத்துக்கு முண்டு வாங்கும்போது ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்க முடியும். வெள்ளைத் துணிக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

அதில் ஆபத்தும் இருக்கு. சேந்தமங்கலம் பெரியாற்றுப் படுகையில் இருக்கிற ஊர். அதே பெரியாற்றின் தண்ணீரில் ஒரு பங்குதான் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து திரும்பி எங்க கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்கு வருது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேந்தமங்கலம் தறிகள் மூழ்கின. ஓணத்துக்கு விற்க அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் சேறு. ஒரு சில வாரங்கள் போனதில் ஒரு வருஷத்தின் பெரிய வரும்படி போனது. சடங்குத் துணி நெய்கிறவரின் வாழ்க்கை அப்படித்தான். அவருக்கு வருஷம் என்பது 365 நாள் கிடையாது. முகூர்த்த நாட்கள், பண்டிகை நாட்கள், அவ்வளவுதான்.

எங்க வீட்டுப் பட்டியல்

போன வருஷம் எங்க அண்ணன் கல்யாணம். அம்மா ஜவுளிப் பட்டியல் போட்டாங்க. வேட்டி மட்டும் முப்பத்தாறு. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, சம்மந்தி வீட்டு ஆண்கள் என்று ஒருத்தர் விடாமல். நான் எல்லாமே கைத்தறியில் எடுக்கலாம் என்றேன். நாங்க பார்த்த கடைகளில் விலை இரண்டு மடங்குக்கு மேல். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "வெள்ளை வேட்டிதானப்பா. எது எதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

அதுக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அம்மா சொன்னது உண்மை. தெரியாது.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வாங்க. கைத்தறியில் நெசவாளி நிறுத்தி, திரும்ப ஆரம்பித்த இடத்தில் ஊடை கொஞ்சம் நெருக்கமாகவோ விலகியோ ஒரு மெல்லிய குறுக்குக் கோடு தெரியலாம். ஆனால் கை தேர்ந்த நெசவாளி அந்தக் கோடே விழாமல் நெய்வார். எவ்வளவு நன்றாக நெய்கிறாரோ, அவ்வளவு தன் கை தெரியாமல் மறைந்துபோகிறார். ஓர் இழையை எரித்துப் பார்க்கலாம்; பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். அது பஞ்சா என்று சொல்லும், தறி எது என்று சொல்லாது.

அதனால் கண்ணை நம்பி வாங்க முடியாது. மூணு விஷயம் பாருங்க. ஒன்று, கைத்தறி முத்திரை. மத்திய அரசு 2006-இல் கொண்டுவந்தது. துணியில் லேபிளாக இருக்கும். இரண்டு, வாங்குகிற இடம். கூட்டுறவு நெசவாளர் சங்கத்தின் கடை, அல்லது 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ். பண்டிகை நேரத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடியும் இருக்கும். மூன்று, கேள்வி. "எந்த ஊர்த் தறி?" என்று கேளுங்க. பதில் சொல்ல முடிந்த கடை, நூல் எங்கிருந்து வந்தது, யார் நெய்தாங்க என்று தெரிந்து வாங்கிய கடை.

கடைசியில் எங்க வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். சடங்கில் கை வைக்கிறவங்களுக்கு மட்டும் கைத்தறி. மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா, எங்க அப்பா, இரண்டு தாய்மாமன்கள், தாத்தா. ஆறு வேட்டி. மீதி முப்பதும் விசைத்தறி. இது பெரிய புரட்சி ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஆறில் 51,840 தடவை யாரோ நாடா தட்டியிருக்காங்க. சாஸ்திரம் கேட்பது புதுத்துணி. யார் நெய்தது என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாமதான் சேர்த்துக்கொள்ளணும்.

ஒரு நடைமுறைக் குறிப்பும் சொல்லிடறேன். கைத்தறி வேட்டி முதல் முறை கட்டும்போது கஞ்சியில் விறைப்பாக இருக்கும், இடுப்பில் நழுவும். பயப்படாதீங்க. இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் அலசினால் துணி இளகி உடம்போடு படியும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீங்க, ஜரிகை கறுத்துப்போகும். லேசான ஈரத்தில் இஸ்திரி போடுங்க. நிழலில் காயவைங்க. ஒரு கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியை வருஷத்துக்கு நாலு தடவை கட்டினால் பல வருஷம் தாராளமாக உழைக்கும். அப்படிப் பிரித்துப் பார்த்தால் விலைக் கணக்கும் மாறும்.

கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-இன்படி, இந்தியாவில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருக்காங்க. பத்தில் ஏழு பேர் பெண்கள். ஆண்கள் கட்டுகிற மரியாதைத் துணிக்குப் பின்னால் இருக்கிற கைகளிலும் பெண்களின் கை நிறைய. அதையும் ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

உங்க வீட்டில் அடுத்து வருகிற விசேஷத்துக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது, பட்டியலில் ஒரே ஒரு வேட்டியையாவது ஊர் கேட்டு வாங்குங்க. எந்த ஊர் என்று எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.